காவல் மேடையில் மருதாயி

எந்த வரைபடத்திலும் அகப்படாத வெண்கோட்டை நாட்டின் மன்னர், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த நாட்டின்மீது படையெடுத்தார். அதைப் போர் என்று சொல்லக் கூடாது, ‘எல்லைத் தூய்மைப் பணி’ என்றே சொல்ல வேண்டும் என்று முதல் ஆணை வந்தது. போரே இல்லாதபோது போரில் காயம்பட்டவர்கள் எப்படி இருக்க முடியும்? ஆகவே, நாட்டில் யாருக்கும் கையோ காலோ பார்வையோ போகவில்லை என்று இரண்டாம் ஆணை வந்தது.

மருதாயிக்குப் பார்வை போனது அந்த வாரத்தில்தான். சந்தைக்குக் காய் வாங்கப் போனவள்மீது குண்டுச் சிதறல் பட்டது. கணவன் சடையன் ஏற்கெனவே படையில் இருந்தான். வீட்டு மூலையில் சுருண்டு கிடந்தாள். கஞ்சி காய்ச்சினால் கையைச் சுட்டுக்கொண்டாள். எழுந்தால் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். ஆத்திரத்தில் ஒருநாள் பானையை உடைத்துவிட்டு அந்த ஓடுகளின் நடுவிலேயே அழுதாள்.

அப்போது மூன்றாம் ஆணை வந்தது. வீட்டுக்கு ஒருவர் ஆற்றங்கரைக் காவல் மேடை ஏறி எதிரி வருகிறானா என்று பார்க்க வேண்டும். எல்லைத் துறை அதிகாரி வாகீசர் அவள் வீட்டு வாசலில் நின்றார்.

“ஐயா, எனக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“சட்டப்படி உங்களுக்குத் தெரியும், அம்மா. அரசைப் பொய்யாக்காதீர்கள்.”

ஏணியில் கைபிடித்து ஏற்றிவிட்டார்கள். ஆறு எந்தப் பக்கம் என்றுகூட முதலில் அவளுக்குப் புரியவில்லை. இலை அசைந்தாலும் உடம்பு நடுங்கியது. ‘இப்படி நடுங்கிக்கிட்டே சாகவா நான் பொழைச்சேன்?’ என்று ஒருநாள் தன்மேலேயே கோபம் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சத்தத்தையும் நின்று கேட்டாள். படகுத் துடுப்பு எது, பீரங்கிச் சக்கரம் எது என்று மெல்லப் பிடிபட்டது. மனம் அமைதியடையவில்லை, ஆனால் ஏணியில் தானே ஏறி இறங்கினாள்.

“மருதாயி, அக்கரையில எப்படி இருக்கு?” என்று கீழிருந்து பெண்கள் கேட்பார்கள்.

“இப்போதைக்குச் சத்தமில்ல. சட்டுனு தண்ணி மோந்துட்டுப் போயிடுங்க.”

ஒரு நண்பகலில் முதுகுக்குப் பின்னால், அரண்மனைச் சாலையில், பாரவண்டிகள் விரையும் ஓசை கேட்டது. அவற்றின் நடுவே, எல்லா விழாக்களிலும் முழங்கிய அதே குரல்: “வேகமாக ஓட்டுங்கள்! கால்வாய்ப் பாலத்தைக் கடந்ததும் அதை உடைத்துவிடுங்கள்!”

மருதாயி மேடையிலிருந்த எச்சரிக்கை முரசை அறைந்தாள். “ராசா ஓடுறாரு! நம்மள விட்டுட்டு ஓடுறாரு! புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஏறுங்க!”

ஊர் மலையேறியது. மாலையில் குண்டுகள் விழுந்தபோது எரிந்தவை வெற்று வீடுகள்தாம்.

சமாதானம் கையெழுத்தானதும் மன்னர் திரும்பி வந்தார். ‘களம் விட்டு அகலாதவர்’ என்ற முழக்கத்தோடு, தன்னையே தேர்ந்தெடுக்க ஒரு தேர்தலை அறிவித்தார். அவர் ஓடினார் என்ற வதந்தியை ஒழிக்க ஒரு விசாரணை மன்றமும் அமைந்தது. நொண்டியபடி ஊர் திரும்பியிருந்த சடையன், மன்ற வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம் மருதாயி. இருக்கிற உசிராவது மிஞ்சட்டும்.”

“அந்த மேடையில இதைவிடப் பயந்திருக்கேன். விடுங்க.”

உள்ளே கண்ணுள்ளவர்கள் ஒவ்வொருவராக, “எதையும் பார்க்கலீங்க” என்று சொல்லிவிட்டுச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கினார்கள். மருதாயி மட்டும் நடந்ததைச் சொன்னாள். வாகீசர் எழுந்தார்.

“மாண்புமிகு தலைவரே, இவர் பார்வையற்றவர். இன்று காலைதான் அரசு அதைக் கருணையுடன் ஏற்றுக்கொண்டது. பார்வையற்றவர் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியம் செல்லாது.”

“பார்த்தேன்னு நான் சொல்லவே இல்லீங்களே. கேட்டேன்னுதான் சொன்னேன்.”

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “நானும் கேட்டேன்” என்றாள். அடுத்து ஒரு கிழவர். அப்புறம், சற்று முன் எதையும் பார்க்கவில்லை என்றவர்களில் ஒருவன். குரல்கள் பெருகப் பெருக, தலைவர் மன்றத்தை ஒத்திவைத்து எழுந்து போனார்.

மறுநாள் காலையில் புதிய ஆணை வந்தது. வெண்கோட்டை நாட்டில் யாருக்கும் காது கேட்காது என்று, எல்லோருக்கும் கேட்கும்படி, தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள்.