பூனையார் கேட்ட சானெட்

ஒரு காட்டில், சித்திரை வெயிலில் பாறையைத் தொட்டால் கால் பொசுங்குகிற காட்டில், வாத்து மிஸ் ஒரு பள்ளிக்கூடம் திறந்தாள். குஞ்சு குளுவான்களுக்கு இங்கிலாந்து தேசத்துக் கவிதை சொல்லித்தரும் பள்ளிக்கூடம். வாத்து மிஸ் ஊட்டியில் ஒரு துரை பங்களாக் குளத்தில் பிறந்தவள். அதற்குமேல் தகுதி என்ன வேண்டிக்கிடக்கிறது?

பாக்கியம் என்கிற அணில் தன் ஒரே மகன் மணியைக் கொண்டுபோய் அங்கே சேர்த்தாள். அந்தக் காட்டில் பிள்ளைக்கு மரமேறத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு கண்ணு" என்பார்கள். சொல்லாத பிள்ளையைப் பெற்றவளைக் கல்யாண வீட்டில்கூடத் தள்ளித்தான் உட்காரவைத்தார்கள்.

முதலில் இரண்டு வரிப் பாட்டு. இரண்டும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். பிறகு லிமரிக் என்று ஐந்து வரிக் கேலிப் பாட்டு. பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கே சிரிக்க வேண்டுமென்று மிஸ் இன்னும் சொல்லித்தரவில்லை என்பதால் முட்டி போட்டார்கள். கடைசியாகச் சானெட். பதினாலு வரி. கையைக் கட்டி, கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் பெயில். மேல் வகுப்பு கிடையாது.

பாட்டு முழுக்கப் பனி கொட்டியது.

"மிஸ், ஸ்நோன்னா என்ன?" என்றான் மணி.

"அது பரீட்சைக்கு வராது. நடுங்கிக்கிட்டே சொல்லு."

பிள்ளை வியர்க்க வியர்க்க நடுங்கினான்.

அவனிடம் ஒரே ஒரு குறை. பருந்து நிழல் தெரிந்தால் போதும், 'கீச் கீச்' என்று ஊரைக் கூட்டிவிடுவான். "இந்தக் கத்தல் எந்தப் பாட்டு வகையிலும் சேராதும்மா" என்று மிஸ் எச்சரித்தாள். பாக்கியம் அரசமரத்துப் பிள்ளையாருக்கு ஒரு முழுக் கொய்யா நேர்ந்துகொண்டாள். "அப்பனே, பதினாலு வரி முடியிற வரைக்கும் அவன் வாயைப் பாத்துக்கோ."

ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடுவது? இங்கிலீஷ் கவிதைக்குத் தலையாட்டத் தெரிந்தவர் காட்டில் ஒருவர்தான், காட்டுப்பூனையார். பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் மணியும், முயல் வெள்ளையம்மாவின் மகள் ரோஸ்லினும். ஒன்பது வரி பிசகாமல் போயிற்று. பாக்கியத்துக்குக் கண் நிறைந்தது. பத்தாவது வரியில் மணி ஒற்றைக் கண்ணைத் திறந்தான். பூனையார் முன்வரிசையில் இல்லை. மேடைப் படியில் இருந்தார்.

"கீச்! கீச் கீச்!"

பாக்கியத்துக்கு முதலில் வந்தது வெட்கந்தான். ஆனால் அணில் கால் வெட்கத்தைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. மகனைக் கவ்விக்கொண்டு உச்சிக் கிளைக்குப் போன பிறகுதான் தான் ஓடியதே அவளுக்குத் தெரிந்தது.

"ஏய் வெள்ளையம்மா! பிள்ளையைத் தூக்குடி!"

"சும்மா இருங்கக்கா, வீடியோல உங்க சத்தம் விழுது" என்றாள் வெள்ளையம்மா, செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

ரோஸ்லின் கண்ணைத் திறக்கவில்லை. சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை. பூனையாரும் நாகரிகம் தெரிந்தவர். பதினாலாவது வரி ஓசையோடு முடியும்வரை காத்திருந்தார். கைதட்டினார். அப்புறந்தான் சாப்பிட்டார்.

முதல் பரிசு ரோஸ்லினுக்கு. கோப்பையை வெள்ளையம்மா வாங்கிக்கொண்டாள். "கடைசி வரிகூடத் தெளிவாச் சொன்னா என் தங்கம்" என்று மூக்கை உறிஞ்சினாள். பள்ளி வாசலில் 'நூற்றுக்கு நூறு' என்று பிள்ளையின் படம் தொங்கியது. மறுவாரம் அட்மிஷன் வரிசை ஆற்றங்கரைவரை நின்றது.

மணி பெயில்.

பாக்கியம் மகனை மடியில் இறுக்கிக்கொண்டு பிள்ளையார் முன்னால் அழுதாள். மடியில் அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, சூடாக, உயிரோடு.

"உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? வெள்ளையம்மா பிள்ளை முடிச்சுதே! அடுத்த வருஷமாவது இவன் முழுசா முடிக்கணும்ப்பா."

நேர்ந்த கொய்யாவை வைக்காமலே திரும்பினாள்.

நீதி: உயிர் பிழைக்க எந்த அணிலுக்கும் தெரியும். ஓசை பிசகாமல் சாவதற்குத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.