திருப்புளி அண்ணனின் கறுப்புப் பை

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை என்றால் எல்லாருக்கும் கொஞ்சம் பயம். ஒரு குற்றமும் செய்யாதவன்கூட பெல்ட்டைக் கழற்றும்போது திருட்டு முழி முழிப்பான். அந்தச் சோதனைக்கு மாப்பிள்ளை மாதிரி குளித்து, பவுடர் போட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருப்புளி அண்ணன். பவுடர் விஷயம் மிகை என்று நினைக்காதீர்கள். அது என்னுடைய பவுடர்.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள், சிங்கப்பூரில் ஈசூன்வாசி. அண்ணன் கல்யாணப் புகைப்படக்காரர். லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையின் மாடியில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. நான் அழகாக்குகிற பெண்ணை அவர் படமெடுப்பார். படம் நன்றாக வந்தால் அது அவர் திறமை; வராவிட்டால் என் மேக்கப். இந்த ஒப்பந்தத்தில் பல வருஷம் ஓட்டினோம்.

பெயர் வந்த கதை சின்னது. ஒரு கல்யாணத்தில் தாலி கட்ட ஐந்து நிமிஷம் இருக்கும்போது மணமேடை நாற்காலியின் கால் ஆடியது. மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனார். உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, அண்ணன் காலுறைக்குள்ளிருந்து ஒரு திருப்புளியை உருவினார். நாலு திருகு. மாப்பிள்ளை நிமிர்ந்தார். அன்றிலிருந்து அவருடைய நிஜப் பெயர் அவருக்கே ஐ.சி. அடையாள அட்டையைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

பினாங்கு, ஜகார்த்தா, திருச்சி என்று வெளியூர்க் கல்யாணங்களுக்கும் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அண்ணனின் முழு மகிமையும் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரு மந்திரம் உண்டு. "பேட்டரி மேல, ஸ்பேனர் கீழ." பேட்டரி எல்லாம் முனையில் டேப் ஒட்டி நம்மோடு விமானத்துக்குள் வரவேண்டும், கருவி எல்லாம் பெட்டியில் கீழே போகவேண்டும். இதில் அவர் அதிகாரிகளைவிடக் கறார். கிளம்புவதற்கு முன் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து என் பையைத் திறந்து சோதனை போடுவார்.

"தங்கச்சி, இது என்ன?"

"புருவம் வெட்டுற கத்தரிக்கோல் அண்ணே. சுண்டு விரல் அளவுதான்."

"கூர் இருக்குல்ல? கீழ போடு. ஹேர் ஸ்பிரே எத்தனை மில்லி? அதுவும் கீழ. எனக்கு இவங்களோட பழக்கம் இருக்கு, நீ சும்மா இரு லா."

ஊருக்கெல்லாம் இந்தச் சட்டம். ஆனால் அவருடைய சின்னத் திருப்புளி மட்டும் மேலேதான் வரும். கேட்டால், "கேமரா மேல பறக்குது, டாக்டர் கீழ லக்கேஜோட போனா எப்படி?" என்பார்.

சாங்கி விமான நிலையத்தில் பெரும்பாலும் விமானம் ஏறுகிற வாசலிலேயே சோதனை. பின்னால் வரிசை நிற்கும். அண்ணன் அவசரப்படமாட்டார். பதினாறு பை வைத்த கையில்லாச் சட்டையைக் கழற்றி ஒரு தட்டில் வைப்பார். கேமரா ஒரு தட்டு, லென்ஸ் இரண்டு தட்டு, பிளாஷ் ஒரு தட்டு என்று கடை பரப்புவார். பிறகு லேமினேட் செய்த ஒரு பட்டியலை அதிகாரியிடம் நீட்டுவார். ஒவ்வொரு பொருளின் பெயர், நீளம், உபயோகம். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டு மாதிரி அதில் அவரே கையெழுத்தும் போட்டிருப்பார்.

ஒரு தடவை ஒரு சீன அதிகாரி, அண்ணன் வயதுக்காரர், திருப்புளியைத் தூக்கிப் பிடித்தார்.

"அங்கிள், திஸ் ஒன் கென்னாட்." கொண்டுபோகக் கூடாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அண்ணன் அசரவில்லை. அதிகாரியின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு, "பாஸ், உங்க கண்ணாடி இடது பக்கம் ஸ்குரூ லூஸ்" என்றார், ஆங்கிலத்தில். உண்மைதான். கண்ணாடி மூக்கில் கோணலாகத்தான் உட்கார்ந்திருந்தது. மேலதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்து நின்று காவல் காக்க, அண்ணன் அந்தத் திருப்புளியாலேயே கண்ணாடியை இறுக்கிக் கொடுத்தார். அதிகாரி மாட்டிப் பார்த்தார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வெரி குட், அங்கிள். பட் ஸ்டில் கென்னாட்."

வரிசையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். திருப்புளியைத் தானே பறிமுதல் தொட்டியில் போட்டார். "கடமையில சரியா இருக்காரு தங்கச்சி. இப்பதான் அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்று எனக்கு விளக்கம் வேறு. ஊர் போய் இறங்கியதும் புதிதாக ஒன்று வாங்கினார். இப்படி அவர் வாங்கியதும் விட்டதும் சேர்த்தால் ஒரு பட்டறை வைக்கலாம்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. விலை உயர்ந்த கேமராப் பை வாங்கமாட்டார். "அது திருடனுக்கு அனுப்புற அழைப்பிதழ்" என்பார். கப்பல் பட்டறைக்கும் கட்டுமானத்துக்கும் வேலைக்கு வருகிற தம்பிகள் முதுகில் மாட்டிக்கொண்டு வருவார்களே, சாதாரணக் கறுப்புப் பை, அதைத்தான் அவரும் மாட்டுவார். "இதுக்குள்ள இவ்வளவு கேமரா இருக்கும்னு எவனும் கனவுல கூட நினைக்க மாட்டான்."

அந்தக் கொள்கைதான் ஒருநாள் எங்கள் காலை வாரியது.

கவிதா என்று ஒரு பெண். செங்காங்கில் வீடு, தாதி வேலை. மாப்பிள்ளை திருச்சிக்காரர் என்பதால் கல்யாணமும் அங்கேதான். அவளுடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா இல்லாத பெண். கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் பாக்க வேண்டியத நீங்க பாத்துட்டு வாங்க."

"அய்யா, கவலையே படாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் இதே சோபாவுல உக்காந்து கல்யாணம் பாக்குறீங்க" என்றார் அண்ணன். அவர் வாக்குக் கொடுக்கும்போது சந்தேகம் என்ற வார்த்தையே தமிழில் கிடையாது போலத் தோன்றும்.

கல்யாணத்தை அப்பாவுக்குப் போனில் நேரடியாகக் காட்டத்தான் பார்த்தார்கள். மண்டபத்தில் சிக்னல் இல்லை. சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. உள்ளூர் வீடியோக்காரரோ, இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னார். ஆக, எல்லாம் அண்ணனின் மெமரி கார்டில்தான்.

திரும்பும்போது திருச்சியில் சோதனை. வழக்கமாகக் கார்டுகள் அவர் சட்டைப் பையில் இருக்கும். சட்டைப் பையெல்லாம் காலி செய்யச் சொன்னதால் கறுப்புப் பைக்குள் போட்டார். நகல் எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் அதற்குள்தான். பை முன்னால் போய்விட்டது. பின்னால் வந்த தட்டில், லென்ஸ் தூசி ஊதுகிற ரப்பர் உருண்டை இரண்டு இருந்ததில் ஒன்று மாட்டிக்கொண்டது. பார்க்க அது குட்டி ராக்கெட் மாதிரி இருக்கும்.

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி.

அண்ணனுக்குக் குஷி. புஸ் புஸ் என்று அமுக்கி, அதிகாரியின் கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ஊதிக் காட்டினார். பல வருஷத்துத் தூசி பறந்தது. அதிகாரி தும்மினார். பக்கத்து மேசைக்காரர், "சார், இங்கயும் கொஞ்சம் ஊதுங்க" என்றார். ஊதினார். எல்லாம் முடிந்து, கேமராவைக் கழுத்திலும் லென்ஸ்களைச் சட்டைப் பைகளிலும் போட்டுக்கொண்டு, கடைசியில் நின்ற கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு வந்தார்.

விமானம் மேலே ஏறிய பிறகுதான் பையைத் திறந்தார். உள்ளே இரண்டு பொட்டலம் முறுக்கு, துண்டில் சுற்றிய கறிவேப்பிலை, லேபிள் கிழிக்காத சட்டை ஒன்று.

அண்ணன் பையை மூடினார். மறுபடி திறந்தார். முறுக்கு அப்படியே இருந்தது.

பணிப்பெண் விமானம் முழுக்க அறிவிப்புச் செய்து பார்த்தாள். அந்தப் பை யாருடையதும் இல்லை. ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தாலே காய்ச்சலா என்று கேட்கவேண்டிய மனிதர், சிங்கப்பூர்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னல் சீட் என்னுடையது.

பையின் ஓரத்தில் ஒரு வேலை அனுமதிக் காகிதத்தின் நகல் இருந்தது. செல்வம் என்ற பெயர், மலேசிய நம்பர். சாங்கியில் இறங்கியதும் கூப்பிட்டோம். அதே நேரத்துக்குக் கோலாலம்பூர் போகிற விமானத்தில் போயிருந்த தம்பி. ஜொகூரில் தொழிற்சாலை வேலை.

"அய்யோ சார், நீங்களா? பையத் தொறந்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு சார். உள்ள வெடிகுண்டு மாதிரி ஒண்ணு இருக்கு!"

"தம்பி, அது தூசி ஊதுறது. அமுக்குனா காத்துதான் வரும். கார்டு பத்திரமா இருக்கா?"

"எதையும் தொடல சார். பஸ்ல ஜொகூர் போயிட்டு இருக்கேன். காலையில வந்து வாங்கிக்கோங்க. சார், முறுக்கு..."

"அதையும் தொடல."

இது பாதி பொய். பாதி முறுக்கை விமானத்தில் நான் தின்றுவிட்டேன். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

காலையில்தான் பை கிடைக்கும். ஆனால் கவிதாவின் அப்பாவிடம் சொன்னது சனிக்கிழமையான அன்றைய சாயங்காலம். "போன் போட்டு, நாளைக்கு வர்றோம்னு சொல்லிடலாம் அண்ணே" என்றேன்.

"சோபாவுல உக்காந்து காத்துட்டு இருப்பாரு தங்கச்சி."

டாக்சி பிடித்து நேராகச் செங்காங் போனோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியோடு இணைக்க வயர்கூட எடுத்து வைத்திருந்தார். அண்ணன் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். ஒரு சாக்கும் சொல்லவில்லை. "என் வாய்தான் காரணம். பேசிக்கிட்டு நின்னேன்."

அப்பாவின் முகம் ஒரு நிமிஷம் வாடியது. அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அணைத்திருந்த டிவியைப் பார்த்தார்.

"சரி, மொதல் படம். விடியக்காலம். கவிதா கண்ணாடி முன்னாடி உக்காந்திருக்கு. நம்ம தங்கச்சி ஜடை போடுது. இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம். கவிதா வாயில இட்லி. ரெண்டாவது படம், அதே இட்லி, பாதி."

அப்பா சிரித்துவிட்டார்.

படம் படமாகச் சொல்லிக்கொண்டே போனார். யார் எங்கே நின்றார்கள், யார் கண்ணை மூடிக் கெடுத்தார்கள், எந்தச் சித்தப்பா எல்லாப் படத்திலும் நுழைந்தார். அந்த இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே அப்பா, "அவன் சின்னதுலருந்தே அப்படித்தான்" என்று பதில் சொன்னார். தாலி கட்டும் இடம் வந்ததும் அண்ணன் குரல் இறங்கியது. "மாப்பிள்ளை குனியுறாரு. கவிதா நிமிர்ந்து நேரா கேமராவைப் பாக்குது. உங்களப் பாக்குது. கண்ணு நெறஞ்சிருக்கு, ஆனா சிரிக்குது."

நானும் அந்த மேடையில்தான் நின்றேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை அவர்.

மறுநாள் காலையிலேயே உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி ஜொகூர் போய்ச் செல்வத்திடம் பையை மாற்றிக்கொண்டோம். குறைந்த முறுக்குக்குப் பதிலாக லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். மத்தியானம் மறுபடி செங்காங். இந்தத் தடவை டிவியில் நிஜப் படங்கள். அப்பா ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் திரும்பினார்.

"எல்லாம் இருக்கு. அவ என்னப் பாத்தான்னு சொன்னீங்களே, அந்தப் படம் இல்லியே?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அந்த நேரத்துல கண்ண வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் மங்கிப்போச்சுங்க. தொடச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஏசி ஜாஸ்தியா?"

"மண்டபத்துல ஏசியே இல்லீங்க."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு அவர் முழங்கையை மெதுவாகத் தட்டி, "அந்தப் படத்த நான் நேத்தே பாத்துட்டேன்" என்றார்.

விடைபெற்று வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றோம். அண்ணன் என் பக்கம் திரும்பாமல் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. லிஃப்ட் திறந்தது. உள்ளே மார்க்கெட் கூடைகளோடு நாலைந்து பேர் நின்றார்கள்.

"நீங்க போங்க" என்று அவர்களிடம் சொன்னேன். "நாங்க அடுத்ததுல வர்றோம்."