சூப்பர்வைசருக்கு என்ன ஆச்சு?

கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவிய டிரைவருக்கு இன்றைக்கும் வைக்கோல்தான் கிடைத்தது. தலையையும் நுழைத்துப் பார்த்தார். மூலையில் சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோழி, வந்த விஷயம் என்ன என்பது போல ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது.

கண் மங்கிப்போய் பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு, அவருக்கென்று மிஞ்சியிருந்த உத்தியோகம் இது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் கூண்டைத் திறந்து, முட்டையை எடுத்து, மனைவி கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது முதல் சம்பளம் வாங்கி வந்த பையன் மாதிரி நிற்பார். தோட்டத்தில் மிடுக்காக நடந்து எல்லாவற்றையும் குனிந்து சோதிப்பதால் கோழிக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தவரும் அவரே. மனைவி மகள் வீட்டுக்குக் கிளம்பினாளோ இல்லையோ, முட்டை நின்றுவிட்டது. 'ஒரு கோழியைப் பாத்துக்கத் தெரியலையா' என்று அவள் கேட்க மாட்டாள். கேட்காமல் இருப்பாளே, அதுதான் அவருக்குப் பயம்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"ஐயையோ, முட்டை உள்ளேயே மாட்டிக்கிட்டிருக்கும்ண்ணே! அப்படியே விட்டா உசுருக்கே ஆபத்து."

டிரைவர் சுவரை ஒட்டி வந்து நின்றார். "இப்ப என்னம்மா பண்றது?"

"வெதுவெதுன்னு தண்ணி வெச்சு அதுல உக்கார வைங்க. தானா வழுக்கிட்டு வந்துடும்."

வழுக்கிக்கொண்டு வந்தது கோழிதான். தொட்டியில் உட்கார வைத்த மறுகணம் அவர் முகத்தில் பளாரென்று ஒரு சிறகடி. தண்ணீரில் பாதி அவர் சட்டையிலும் மீதி சமையலறைத் தரையிலும் போய்ச் சேர்ந்தது. நனைந்து, வெறும் கழுத்தும் காலுமாகிவிட்ட சூப்பர்வைசர் வெடவெடவென்று நடுங்கியது.

"குளிரு மட்டும் ஆகவே ஆகாதுண்ணே!" என்றது ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு மேலே ஒரு தலை.

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! மனைவியின் முடி உலர்த்தும் மிஷினைத் தேடி எடுத்து வந்து சுவிட்சைத் தட்டினார். அது உறுமிய உறுமலில் கோழி அலமாரி உச்சிக்குப் பறந்தது. அங்கிருந்த கண்ணாடி ஜாடி கீழே பறந்தது. நாற்காலி போட்டு ஏறி, கெஞ்சி, கொஞ்சி, ஒரு கொத்தும் வாங்கிக்கொண்டு கோழியை இறக்கினார்.

"கால்சியம் குறைச்சலா இருக்கும்ண்ணே. முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போட்டா நல்லது."

"முட்டையே இல்லாத வீட்டுல ஓட்டுக்கு எங்கம்மா போவேன்?"

மனைவியின் கால்சியம் மாத்திரையைப் பொடித்துத் தீனியில் கலந்து வைத்தார். சூப்பர்வைசர் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முட்டை போடாத கோழி இப்போது தீனியும் தின்னாத கோழி ஆயிற்று. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டால், லீவில் இருக்கிறார் என்றார்கள்.

போனைக் கீழே வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. மனைவி.

"சாப்டீங்களா? கோழி எப்படி இருக்கு?"

நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது. "அதுக்கென்ன, ஜோரா இருக்கு. தினம் முட்டை போடுது."

மனைவியின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"என்ன சொன்னீங்க?"

"முட்டை போடுதுங்கறேன். இன்னிக்குக்கூட ஒண்ணு போட்டுச்சு."

"எது, நம்ம கோழியா?"

"பின்னே, எதிர் வீட்டுப் பூனையா?"

"உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"நான் இப்பவே கிளம்பி வரேன். அந்த முட்டையை மட்டும் பத்திரமா எடுத்து வைங்க. நான் பாக்கணும்."

டிரைவர் போனைப் பொத்தென்று வைத்தார். பொய்யை மோப்பம் பிடித்துவிட்டாள்! கோழியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு போடும்மா. என் மானத்தைக் காப்பாத்து."

அவர் மடிச் சூட்டில் சூப்பர்வைசர் சுகமாகக் கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

அதைக் கூண்டில் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார். கடை கண்ணி எல்லாம் மனைவியின் இலாகா. அந்தக் கடைக்காரர் இவரைப் பார்த்ததுகூட இல்லை. அதுவும் நல்லதுதான்.

"ஒரு முட்டை வேணும். ஒண்ணே ஒண்ணு போதும். பழுப்பா, ரொம்பப் பெருசா இல்லாம. கொஞ்சம் அழுக்கா இருந்தாலும் பரவாயில்லை."

கடைக்காரர் முட்டைகளைப் புரட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தார்.

"விடியக்காலையிலயே ஒரு அம்மா வந்து தினமும் அச்சு அசலா இப்படித்தான் சார் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. அவங்க வீட்டுக் கோழி முட்டை போடறதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சாம்; வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனுஷன் இடிஞ்சு போயிடுவாராம், பாவம்!"