அப்புக்காத்து அண்ணையும் பூசணிக்காய் வழக்கும்

பேய், பிசாசு, கண்ணூறு எல்லாவற்றையும் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப் பிறந்த ஒரே மனிதர் எங்கள் லாச்சப்பல் கடைத்தெரு அப்புக்காத்து அண்ணைதான். யாழ்ப்பாணத்தில் வக்கீலை அப்புக்காத்து என்போம். இவர் சட்டம் படித்தவரில்லை. பக்கத்து மார்க்ஸ் டோர்மோய் தெருவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். கை காய்ந்த நேரமெல்லாம் சட்டப் புத்தகம் வாசித்தார். அதிலும் வாடகைச் சட்டம், விசாச் சட்டம் என்று நாலு பேருக்கு உதவக்கூடியது எதுவும் அவருக்குத் தெரியாது.

"தம்பி, முந்தி இஞ்சை கனவுக்குப் பலன் சொல்லிப் பிழைச்சாலே தண்டம், தெரியுமே?" என்பார். "தெற்கிலை ஒரு ஊரிலை பறக்கும் தட்டு இறங்கக்கூடாதெண்டு மேயர் சட்டம் போட்டவர். இறங்கினால் தட்டைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்!"

பொது இடத்தில் முகத்தை மூடக்கூடாதென்று சட்டம் வந்ததும் அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலோவீன் அன்று மெத்ரோ வாசலில் எலும்புக்கூடு முகமூடியோடு நின்ற ஆறடி வெள்ளைக்காரனை மறித்துச் சட்டம் விளக்கினார்.

"பண்டிகைக்கு விலக்கு இருக்கிறதே?" என்றான் அவன்.

"இது பிரான்சின் பாரம்பரியப் பண்டிகை என்று நிரூபி!" என்றார் இவர். எலும்புக்கூடு அவர் கையில் ஒரு ரொபி மிட்டாயைத் திணித்துவிட்டு ஓடித் தப்பியது.

இந்த மேதையிடம்தான் நானும் மாட்டினேன். என் மளிகைக் கடைக்குக் கண்ணூறு கழிக்க, குங்குமம் வைத்த நீற்றுப்பூசணிக்காயை வாசலில் போட்டு உடைத்தேன். கூட்டி அள்ளுவதற்குள் மாநகரசபை ஆட்கள் வந்து, தெருவில் குப்பை போட்டதாகத் தண்டம் எழுதிவிட்டார்கள். என் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் பிரிபெக்சர் அலுவலகத்தில் கிடந்த நேரம் அது. பேசாமல் கட்டித் தொலைத்திருக்கலாம்.

"கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. உம்மட விண்ணப்பம் நாறிப்போம். வழக்காடுவம்!" என்றார் அண்ணை.

பயத்தில் என் மூளை வேலை செய்யவில்லை. அவர் எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். அதைப் படித்த எவரும் சும்மா விடமாட்டார்கள். நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. எனக்கு நித்திரை போனது.

அண்ணை சாட்சியாக ஏறினார். "அம்மணி, நீங்கள் பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டிப் பேயை விரட்டுகிறீர்கள். நாங்கள் ஒரே போடாகப் போடுகிறோம். நோக்கம் ஒன்றுதான்!" என்று சமையலறைப் பிரெஞ்சில் முழங்கினார்.

நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. "உடைத்தது யார்?" என்று மட்டும் கேட்டார்.



"நான்தான்," என்றார் அண்ணை. "இவருக்கு ஒன்றும் தெரியாது."

என்மேல் இருந்த வழக்கு தள்ளுபடியானது. அண்ணையின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அவர்மேல் பாய்ந்தேன். "அண்ணை, உங்கட விண்ணப்பமும் பிரிபெக்சரிலை கிடக்கெல்லே? ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"அது கனகாலமாக் கிடக்கு, இன்னும் கிடக்கட்டும். நீர் பிள்ளைகுட்டிக்காரன்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எண்டாலும் தம்பி, அப்பீலிலை வெண்டிருப்பம்," என்றார்.

எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அந்த மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எப்போதும் நக்கல்தான் வருகிறது. அவர்மேல் எனக்குள்ள அன்பை நேராக எழுதப்போனால் அழுதுவிடுவேன்.