இரண்டாம் பக்கத்தைக் காணவில்லை

"வெள்ளச்சாமி, உன் கம்ப்யூட்டருக்கு ரிவர்ஸ் கியரே கிடையாதாப்பா?"

இன்டர்காமில் ஸ்டோர் கீப்பர் கோவிந்தப்பன். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு யாரும் கேட்க விரும்பாத குரல் அது.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணாம் பக்கம் பாத்தேன். நெக்ஸ்ட் போட்டேன். மூணாம் பக்கம் வந்து நிக்குது. சரி, பின்னாடி போலாம்னா வழியே இல்ல. கையுறை ரெண்டாம் பக்கத்துல இருக்குது. பிரஸ் ஷாப்காரன் கைய நீட்டிகினு நிக்கறான். என்னா பண்றது, ஏனு மாடோது?"

கோவிந்தப்பனுக்குக் குழப்பம் வந்தால் கன்னடம் வரும், கோபம் வந்தால் தெலுங்கு. கன்னடத்தோடு நின்றதில் வெள்ளைச்சாமிக்கு ஒரு நிம்மதி.

இது நடந்தது 1999இல். ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சாமான் கணக்கெல்லாம் அப்போதுதான் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. ஏற்றியவன் அருப்புக்கோட்டை வெள்ளைச்சாமி. டேட்டாபேஸிலிருந்து பத்துப் பத்து சாமானாக எடுத்து, பக்கம் பக்கமாகத் திரையில் காட்டும். கீழே 'நெக்ஸ்ட்' என்று ஒரு பட்டன். பழைய அட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. இனிமேல் திரையில் இருந்தால்தான் சாமான் இருக்கிறது. திரையில் இல்லையென்றால், கண்ணெதிரே குவிந்து கிடந்தாலும் இல்லை. மேலிடத்து உத்தரவு.

வெள்ளிக்கிழமைக்குள் 'திருப்தியாக ஓடுகிறது' என்று கோவிந்தப்பன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வெள்ளைச்சாமிக்கு வேலை நிரந்தரம். போடாவிட்டால் ஒரு வருஷ டிரெய்னிங்கோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அவன் அப்பாவோ, பையனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று போன பொங்கலுக்கே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

தன் அறைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று. சமர்த்தாக வந்தது. கோவிந்தப்பன் அவசரத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார், பின்னால் போக ஒரு பட்டன் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தான். யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நெக்ஸ்ட் என்றால் ஒன்றைக் கூட்டும். ப்ரீவியஸ் என்றால் ஒன்றைக் கழிக்கச் சொன்னால் போதும். செவ்வாய் மத்தியானம் பட்டன் தயார். பத்து தடவை சோதித்துவிட்டு ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டான்.

"ப்ரீவியஸ் போடுங்கண்ணே."

"போட்டேன்."

"எத்தனாம் பக்கம் வந்திருக்கு?"

"ஒண்ணு."

"மூணுல இருந்துதானே போட்டீக?"

"மூணுல இருந்துதான்."

"சரி, இப்ப நெக்ஸ்ட் போடுங்க."

"மூணு."

"ரெண்டு வரலையா?"

"நேத்து போகும்போது மட்டும் தாண்டிச்சு. இன்னிக்கு வரும்போதும் தாண்டுது. நல்லா ரிப்பேர் பண்ணினப்பா!"

வெள்ளைச்சாமி ஸ்டோர்ஸுக்கு ஓடினான். ஓடி என்ன பிரயோஜனம்? ஸ்டோர்ஸுக்கு நடுவே கம்பி வலை, வலைக்கு முன்னால் மஞ்சள் கோடு. போன வருஷம் ஒரு பெட்டி பேரிங் காணாமல் போனதிலிருந்து, ஸ்டோர்ஸ் ஆட்களைத் தவிர யாரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. வலைக்கு வெளியே நின்றால் கம்ப்யூட்டரின் முதுகுதான் தெரியும்.

"அண்ணே, ஒரே நிமிஷம் உள்ள வந்து பாத்துட்டுப் போயிடறேன்."

"மேனேஜர் கையெழுத்து வேணும்ப்பா. ஜி.எம்மே வந்தாலும் அந்தாண்டதான் நிப்பாரு."

மேனேஜர் பாஸ்கரனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதும், 'சார், நான் செய்தது ஓடவில்லை' என்று எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். உள்ளே போகிற யோசனையை வெள்ளைச்சாமி அத்தோடு விட்டுவிட்டான்.

பக்கத்தில் பிரஸ் ஷாப் ஃபோர்மேன் ஆஞ்சப்பன் வலையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"அதோ ராக்குல தெரியுதேய்யா கையுறை! எடுத்துக் குடேன்!"

"தெரியுது. நான் என்னா குருடனா? ஸ்கிரீன்ல இல்லியே!"

வெள்ளைச்சாமி யோசித்தான். கையுறை பட்டியலில் பதினான்காவது சாமான். பக்கத்துக்கு இருபது என்று மாற்றிவிட்டால் முதல் பக்கத்துக்கே வந்துவிடும். மாற்றினான். புதன் காலை பிரஸ் ஷாப்புக்குக் கையுறை போனது. ஆஞ்சப்பன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் மெஷின் ஷாப்பிலிருந்து கூச்சல். ஆயில் சீல் இல்லையாம். அதுவரை பத்துப் பத்தாகக் காணாமல் போனது, இப்போது இருபது இருபதாகப் போய்க்கொண்டிருந்தது.

சரி, பக்கமே வேண்டாம், மொத்த சாமானையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடுவோம் என்று கொட்டினான். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் அதை விழுங்கிவிட்டு மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. சாயங்காலம் வரை ஸ்டோர்ஸில் எந்தச் சாமானும் இல்லை. கோவிந்தப்பன் தெலுங்குக்கு மாறினார்.

வியாழக்கிழமை மறுபடி பத்துக்கே திரும்பினான். கையுறை போயே போச்சு. இதற்குள் பர்ச்சேஸ்காரர்கள், கையுறை இல்லையாமே என்று புதிதாக ஒரு மூட்டை வாங்கி இறக்கிவிட்டார்கள். அதுவும் போய் இரண்டாம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

வலையின் சந்து வழியாகப் புது மவுஸ் கொடுத்துப் பார்த்தான். பலனில்லை. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரையே வெளியே தூக்கி வரச் சொல்லித் தன் மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தான். இரண்டாம் பக்கம் அழகாக வந்தது. திருப்பிக் கொண்டுபோய் ஸ்டோர்ஸில் வைத்தார்கள். போய்விட்டது. அதே சர்வர், அதே புரோகிராம், அதே கம்ப்யூட்டர். வெள்ளைச்சாமிக்குத் தலை சுற்றியது. இரண்டு என்று ஒரு எண் உண்டா என்பதே சந்தேகமாகிவிட்டது.

"எல்லா மெஷினுக்கும் ஆயுத பூஜையில எலுமிச்சம்பழம் வெட்டினோம். இது அப்புறமா வந்துச்சு. இதுக்கு வெட்டல" என்றார் கோவிந்தப்பன்.

"அண்ணே, இது சயின்ஸுண்ணே."

"சயின்ஸ்தான். ரெண்டாம் பக்கம் எங்க?"

வெள்ளிக்கிழமை காலை, எம்.எஸ்ஸி. படித்த வெள்ளைச்சாமி மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் நின்று எலுமிச்சம்பழம் வாங்கினான். யாரும் பார்க்கிறார்களா என்று நாலா பக்கமும் பார்த்துவிட்டு வாங்கினான். கோவிந்தப்பன் பழத்தைச் சுற்றி, வெட்டி, குங்குமம் தடவி கம்ப்யூட்டரின் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு நெக்ஸ்ட் போட்டார்.

"எத்தனண்ணே?"

"மூணு."

அழுகை வந்துவிடும்போல இருந்தது அவனுக்கு. அந்த நேரம் பார்த்து, ஆஞ்சப்பன் போய்ச் சொன்ன கம்ப்ளெயின்ட்டோடு மேனேஜர் பாஸ்கரன் வந்து நின்றார். கையில் ஃபைல். ஃபைலுக்குள் வெள்ளைச்சாமியை நிரந்தரமாக்கும் தாள்.

"என்னய்யா, நாலு நாளா கையுறை இருக்கா இல்லையான்னு ஒரு ஃபாக்டரியே பட்டிமன்றம் நடத்துது?"

"சார், என் ரூம்ல எல்லாம் வருது சார். இங்கதான்..."

"உள்ள போய்ப் பாத்தியா?"

"கோட்டத் தாண்ட உங்க கையெழுத்து வேணும் சார்."

பாஸ்கரன் அவனை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போக ஒரு பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். ஓரமாக உட்கார்ந்து போல்ட் எண்ணிக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் ஹெல்பர் முனிலட்சுமி மரியாதைக்கு எழுந்து நின்றாள். வெள்ளைச்சாமி முதன்முறையாகக் கோவிந்தப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். கோவிந்தப்பன் அதற்குள் ஒன்றாம் பக்கத்துக்குத் திரும்பியிருந்தார்.

"இப்பப் போடுங்கண்ணே."

கோவிந்தப்பன் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார். மவுஸை நெக்ஸ்டின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். டக், டக்.

மூன்றாம் பக்கம்.

"மறுபடி."

டக், டக். ஐந்தாம் பக்கம்.

வெள்ளைச்சாமி கூரை அதிரக் கத்தினான்.

"ஏண்ணே ரெண்டு தட்டு தட்டுதீக? ஒரு தட்டுக்கு ஒரு பக்கம்ணே! ரெண்டு தட்டினா ரெண்டு பக்கம் ஓடத்தான் செய்யும்! ஒரே ஒரு தட்டு!"

கோவிந்தப்பன் பயந்துகொண்டே ப்ரீவியஸில் ஒரே ஒரு தட்டு தட்டினார். நான்கு வந்தது. இன்னொரு தட்டு, மூன்று. இன்னொன்று. இரண்டாம் பக்கம், நாலாவது வரியில் கையுறை! வலைக்கு அப்பால் ஆஞ்சப்பன் கை தட்டினார். வெள்ளைச்சாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புரோகிராமில் தப்பில்லை, பட்டனில் தப்பில்லை, இனி அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

பாஸ்கரனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"நாலு நாள் புரொடக்‌ஷன் போச்சு. எதுக்கெடுத்தாலும் ரெண்டு தட்டுன்னு இவங்களுக்கு எவன்யா சொல்லிக் குடுத்தது?"

"அந்த ஆளச் சும்மா விடக் கூடாது சார்!" வெள்ளைச்சாமிக்கு ஆவேசமே வந்துவிட்டது. "என் உயிர எடுத்துட்டான். அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லிக் குடுக்கறவன எல்லாம் ஒரு நாள்கூட வேலையில வச்சிருக்கக் கூடாது சார்!"

"வச்சிருக்கப் போறதில்ல." பாஸ்கரன் ஃபைலைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். "பேரச் சொல்லுங்க."

கோவிந்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஆஞ்சப்பன் கூரையைப் பார்த்தார். கையில் போல்டோடு நின்றிருந்த முனிலட்சுமிதான் வெள்ளைச்சாமியைப் பார்த்து வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"என்னா சார், அதுக்குள்ள மறந்துட்டீங்களா, வேலைக்குச் சேந்த மொத வாரம் எங்க எல்லாரையும் கேன்டீன்ல உக்கார வெச்சு, 'எதத் தொட்டாலும் ரெண்டு தட்டு, ஒரு தட்டுக்கு இது மசியாது'ன்னு நீங்கதானே சார் கிளாஸ் எடுத்தீங்க?"