மூக்கில் அடித்த மருந்தும் ரோஜா சோப்பும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் மூக்கைத் தவிர இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலியை விசாரிக்கும்படி உங்கள் மகள் சொன்னாள், விசாரித்துவிட்டேன்.

எனக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் இருட்டறையில் சுருண்டுவிடுவேன், மாத்திரை போட்ட வேகத்தில் வாந்தியாக வெளியே வந்துவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. அதனால் உங்கள் மகள் என்னைப் புது டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். அந்த அம்மா மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இனி மருந்தை மூக்கிலேயே அடித்துக்கொள்ளலாம், வயிற்றுக்குப் போகாமல் அங்கிருந்தே ரத்தத்தில் கலந்துவிடும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலிப்பது தலை, மருந்து மூக்குக்கா? அதுவும் யாருடைய மூக்கு? சோப்பு ஆலையில் காய்ச்சி இறக்குகிற ஒவ்வொரு பாகின் சோப்பையும் முகர்ந்து பார்த்து, லாரியில் ஏற்றலாம் என்று சொல்கிற மூக்கு. தாங்கள் சிபாரிசு செய்து வாங்கிக்கொடுத்த வேலை. இதைச் சொன்னதற்கு, "மருந்த அடிச்சதும் மோந்து பார்க்காதீங்க, மெதுவா மூச்சு விடுங்க, போதும்" என்றார். மோந்து பார்க்காதே என்று என்னிடம் சொல்கிறார், மாமா.

முதல் தடவை உங்கள் மகள் என் தாடையைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். பழக்கதோஷம், சோப்பை முகர்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டேன். மருந்து மொத்தமும் தொண்டைக்குள் போய் அப்படியொரு கசப்பு, தலைவலி இருந்த இடத்திலேயே இருந்தது. மூக்கைக் கொஞ்ச நேரம் சும்மா வைக்கத் தெரியாதா என்று அவள் பிடித்த பிடியில், நேற்றுக் காலை மறுபடி வலித்தபோது பச்சைப்பிள்ளை மாதிரி மூச்சு விட்டேன். தலைவலி போய்விட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆலைக்குப் போய் ரோஜா சோப்பை எடுத்து முகர்ந்தேன் பாருங்கள், ஒன்றுமே தெரியல. இந்தப் பக்கம் முகர்ந்தேன், அந்தப் பக்கம் முகர்ந்தேன், செங்கல்லை மோந்த மாதிரி இருக்கு. பக்கத்தில் மேனேஜர் நிற்கிறார். மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாரே, என்ன செய்ய? நிறத்தைப் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார், இந்த மாதிரி ரோஜா வந்ததே இல்ல" என்று சொல்லிவிட்டேன். லாரி கிளம்பிவிட்டது.

எனக்கு பயமாக இருக்கிறது மாமா. வேறு தொழில் எதுவும் தெரியாது. அந்த மருந்தைத் தூக்கி எறியச் சொல்லி உங்கள் மகளுக்குக் கண்டிப்பாக ஒரு வரி எழுதவும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டாள், ஆனாலும் எழுதவும்.

அத்தைக்கு என் வணக்கங்கள். முழங்காலுக்கு மருந்து கொடுத்தால், எந்த வழியாக என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.

தங்கள் ஆசிகளை வேண்டும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மேனேஜர் போன் செய்தார். லாரி திரும்பி வந்துவிட்டதாம். அந்தப் பாகில் வாசனை எண்ணெய் ஊற்றவே மறந்துவிட்டார்களாம். "வாசனையே இல்லாத சோப்ப எந்த மூக்கால பிரமாதம்னு சொன்னீங்க?" என்று கேட்கிறார். சமையலறைக்கு ஓடி வெங்காயம், சீயக்காய், அடிபிடித்த பால் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தேன். மூக்கு முன்னைவிட நன்றாகவே வேலை செய்கிறது. நாளைக்கு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமாம். மருந்தால் மூக்கு போச்சு என்றால் வேலை போகும். மூக்கு நன்றாக இருக்கிறது என்றால் இன்னும் சீக்கிரம் போகும். ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடவும், உங்கள் மகளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இதை யோசித்து யோசித்துத் தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, அந்த மருந்தை எங்கே வைத்தாள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.