சேதுவின் தொடைக் கம்பி குறித்து

அரசாங்க ஆஸ்பத்திரி,
ஆண்கள் வார்டு,
14.6.1984

பெருமதிப்புக்குரிய மைத்துனர், தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் சிவானந்தம் அவர்களுக்குத் தங்கராஜு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இடுப்புக்கு மேலே நலம். கீழே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் வீட்டில் அனைவரும் முழு நலமாக இருக்க அம்மன் அருள் புரியட்டும்.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் நானும் என் கீழ் வேலை செய்யும் சேதுவும் ஒரே செம்பனைப் பழக்குலை லோரியில் ஏறி, ஒரே வாய்க்காலில் கவிழ்ந்து, ஆளுக்கொரு தொடை எலும்பை முறித்துக்கொண்டது நீங்கள் அறிந்ததே. டாக்டரும் பாரபட்சம் பார்க்கவில்லை. ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைக்கிறேன் என்று இருவரிடமும் சொன்னார். பதினொரு வருடம் கரகம் தூக்கியவன் நான், "சாமி ஏறுற உடம்புல இரும்பு ஏறக்கூடாது டாக்டர்" என்றேன். சேதுவோ, "எனக்கு ரெண்டு வேணும்னாலும் போடுங்க லா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். மூன்றாம் வாரம் அவன் கட்டையை ஊன்றி வீட்டுக்குப் போனான். எனக்கு முழங்காலுக்குக் கீழே கம்பி குத்தி, கயிறு கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டு இன்றோடு பன்னிரண்டு வாரம். "அங்கிள், இங்க குத்தியிருக்கறது இரும்பு இல்லாம வாழைத்தண்டா?" என்று நர்ஸ் கலாவதி கேட்கிறாள். "அது தற்காலிகம்மா" என்று சொல்லிவைத்தேன்.

நேற்று சேது ரம்புத்தான் பழத்தோடு வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, கட்டை இல்லாமல் நடந்தே வந்தானாம். வார்டில் இரண்டு நடை நடந்தும் காட்டினான். உங்கள் தங்கை அம்சவள்ளி, "சேது அண்ணன் எவ்வளவு அழகா நடக்குறாரு பாருங்க" என்கிறாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் என் நடையை அவள் ஒருநாள் பார்த்திருப்பாளா? ரம்புத்தானும் இனிப்பாக இருந்து தொலைத்தது. போகிறபோக்கில், "ஆடித் திருவிழாவுக்குக் கரகம் என்னைத்தான் தூக்கச் சொல்றாங்க மண்டோரே" என்றான். பொறாமை இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது மச்சான், வயிறு பற்றி எரிகிறது. இரும்பு வைத்தவன் கரகம் தொடக்கூடாது என்று கமிட்டியில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நம் தோட்டத்துப் பையன் வீரன் தூக்கட்டும். அவனிடமிருந்து அடுத்த வருடம் வாங்கிவிடலாம், சேது கைக்குப் போனால் எனக்குத் திரும்பாது.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கட்டிலோடு கட்டப்பட்ட
தங்கராஜு

பி.கு.: உறை ஒட்டுமுன் டாக்டர் எக்ஸ்ரேயோடு வந்தார். எலும்பு சேரவே இல்லையாம். கம்பி வைக்காவிட்டால் கரகம் இருக்கட்டும், கக்கூசுக்குக்கூட நடக்க முடியாதாம். பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன், திங்கட்கிழமை ஆபரேஷன். ஆகவே இரும்பைப் பற்றிக் கமிட்டியில் மூச்சு விடாதீர்கள். அம்மன் கையில் இருக்கும் சூலம் மட்டும் மரத்தில் செய்ததா? இந்த வருடம் சேதுவே தூக்கட்டும். ஆனால் அவன் கம்பி நாற்பது சென்டிமீட்டர்தான். எனக்கு நாற்பத்திரண்டு வேண்டும் என்று டாக்டர் அளந்து சொல்லியிருக்கிறார். இதை மட்டும் கமிட்டியில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.